தொட்டியும் தட்டும்



இன்றைய பேச்சு பூந்தொட்டியைப் பற்றியது. பூந்தொட்டியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? மண் போட வேண்டும். செடி வைக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற வேண்டும். அவ்வளவுதானே என்று கேட்பீர்கள்.

அவ்வளவுதான் இல்லை. தொட்டியில் செடி இருக்கிறது. தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு இருக்கிறது. அந்தத் தட்டில் வேறு ஒன்றும் வளரும். அதுவும் சேர்ந்ததுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு ஊருக்குப் போவோம். அந்த ஊரின் பெயர் சால்ட் லேக். மேற்கு வங்காளத்தில், கொல்கத்தா நகரத்தின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. கொல்கத்தா என்றால் தமிழர்களுக்கு லேக் மார்க்கெட் நினைவுக்கு வரும். அங்கேதான் தமிழ்க் குடும்பங்கள் பல காலமாக வசிக்கின்றன. அது தெற்கே இருக்கிறது. அந்த லேக் வேறு, இந்த லேக் வேறு.

சால்ட் லேக் என்றால் உப்பு ஏரி என்று பொருள். பெயர் சொல்வது போலவே முன்பு அங்கே வீடு இல்லை, தெரு இல்லை. சதுப்பு நிலமும் நீரும்தான் இருந்தன. கொல்கத்தாவில் மக்கள் பெருகினார்கள். நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வந்தார்கள். குடியிருக்க இடம் போதவில்லை. அப்போது மேற்கு வங்காளத்தின் முதலமைச்சராக இருந்தவர் டாக்டர் பிதான் சந்திர ராய். அவர் பெயர் பெற்ற மருத்துவர். சதுப்பை மேடாக்கி ஊர் கட்டலாம் என்று முடிவு செய்தார்.

மேடாக்க மண் எங்கிருந்து வந்தது? ஹூக்ளி ஆற்றின் அடியில் இருந்து வந்தது. ஆற்று வண்டலைத் தண்ணீரோடு கலக்கினார்கள். பெரிய குழாய்கள் வழியாகச் சதுப்பில் கொண்டுவந்து கொட்டினார்கள். தண்ணீர் வடிந்தது, வண்டல் தங்கியது. இந்த வேலை 1962-இல் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலை முதல் தேதி டாக்டர் ராய் இறந்துபோனார். ஊருக்குப் பிதான்நகர் என்று அவர் பெயரையே வைத்தார்கள். ஆனாலும் மக்கள் வாயில் சால்ட் லேக்தான். ஊரின் வரைபடத்தைப் போட்டவர் தோப்ரிவோயே தோஷ்கோவிச். அவர் யூகோஸ்லாவியா நாட்டுக்காரர். அந்த நாடு இன்று இல்லை. பல நாடுகளாகப் பிரிந்துவிட்டது. அவர் வரைந்த ஊர் இருக்கிறது.

சால்ட் லேக் வீடுகளுக்கு முன்னால் நடந்து பாருங்கள். வாசற்படியில் தொட்டி, படிக்கட்டில் தொட்டி, மொட்டை மாடியில் வரிசையாகத் தொட்டி. வங்காளிகள் தொட்டியை ‘டப்’ என்பார்கள். குளிர்காலத்தில் அந்த டப்புகளில் தலை அளவுக்கு டேலியா பூக்கும். சாமந்தி பூக்கும். சாமந்திக்கு வங்காளத்தில் ‘சந்திரமல்லிகா’ என்று பெயர். நல்ல பெயர் அல்லவா?

வங்காளிகளுக்குச் செடிமேல் ஆசை இன்று நேற்று வந்ததில்லை. கொல்கத்தாவில் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று இருக்கிறது. அதை வில்லியம் கேரி என்ற பாதிரியார் 1820-இல் தொடங்கினார். அலிப்பூரில் அதற்குத் தோட்டமும் உண்டு. மழைக்காலத்தில் தேர்த் திருவிழா வரும். அந்தத் திருவிழாச் சந்தையில் பொம்மையும் அப்பளமும் விற்கும். கூடவே செடிக் கன்றுகளும் விற்கும். தேர் பார்க்கப் போனவர் கையில் ஒரு கன்றோடு திரும்புவது அந்த ஊர் வழக்கம். மழையில் நட்டால் கன்று பிழைத்துக்கொள்ளும் என்ற கணக்குத்தான்.

இனி தொட்டியைப் பார்ப்போம். கடையில் பலவிதத் தொட்டிகள் இருக்கின்றன. சுட்ட மண் தொட்டி, சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் தொட்டி, பூ வேலை செய்த பீங்கான் தொட்டி. எதை வாங்குவது?

கண்ணுக்கு அழகாக இருப்பதைக் கை எடுக்கும். எடுங்கள். ஆனால் உடனே கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஓட்டை இருக்கிறதா? இருந்தால் விலை கேளுங்கள். இல்லாவிட்டால் அது செடி வைக்கும் தொட்டி இல்லை. செடியுள்ள வேறு தொட்டியை உள்ளே இறக்கி வைக்கும் மேல்தொட்டி. அதில் நேரே மண் போட்டால் தண்ணீர் அடியில் தேங்கும். வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் அழுகும். இலை மஞ்சளாகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். செடி சீக்கிரம் செத்துப்போகும்.

சுட்ட மண் தொட்டிதான் பழக்கமில்லாதவருக்கு நல்லது. அதன் சுவரில் நுண்ணிய துளைகள் உண்டு. அதன் வழியாக ஈரம் வெளியேறும். தவறிப்போய் அதிகம் ஊற்றினாலும் அது தாங்கும். பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பது எதனால்? அதே காரணம்தான். பிளாஸ்டிக்கிலும் பீங்கானிலும் இது நடக்காது. அவற்றில் தண்ணீரைக் குறைத்து ஊற்ற வேண்டும். புது மண் தொட்டியை ஒருநாள் தண்ணீரில் ஊறப் போடுங்கள். இல்லாவிட்டால் செடிக்கு ஊற்றும் தண்ணீரைத் தொட்டியே குடித்துவிடும்.

தொட்டி வாங்கும்போது எடையையும் எண்ணிப் பாருங்கள். ஓர் அடி அகலத் தொட்டியில் மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ இருக்கும். ஒரு சிப்பம் அரிசிக்குச் சமம். அதை மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் வைக்கிறார்கள். கீழே குழந்தைகள் விளையாடுகின்றன. வங்காளத்தில் சித்திரை, வைகாசியில் மாலை நேரத்தில் திடீரென்று புயல்காற்று அடிக்கும். அதற்குக் ‘கால்பைசாகி’ என்று பெயர். 2020 மே 20-ஆம் தேதி ஆம்பன் புயல் வந்தது. கொல்கத்தாவில் பெரிய பெரிய மரங்களே சாய்ந்தன. மரத்தைச் சாய்க்கும் காற்றுக்குத் தொட்டி எம்மாத்திரம்? சுவர்மேல் தொட்டி வேண்டவே வேண்டாம். தரையில் வையுங்கள்.

மண் எப்படிக் கலப்பது? தோட்டத்து மண் இரண்டு பங்கு. நன்றாக மக்கிய சாணி எரு ஒரு பங்கு. மணல் ஒரு பங்கு. மணல் கிடைக்காத இடத்தில் தென்னை நார்க்கழிவு போடலாம். பச்சைச் சாணி போடாதீர்கள். அது மக்கும்போது சூடாகி வேரைச் சுடும். ஓட்டையின் மேல் ஓர் ஓட்டுத் துண்டைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் போகும், மண் போகாது. மேலே இரண்டு விரல் உயரம் காலியாக விடுங்கள். விளிம்புவரை மண்ணை நிரப்பினால் ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எந்தச் செடி வைப்பது? செடியைப் பார்ப்பதற்கு முன் இடத்தைப் பாருங்கள். வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? நாள் முழுதும் வெயில் விழும் மொட்டை மாடிக்குக் காகிதப்பூ நல்லது. அதற்கு நிறையத் தண்ணீர் பிடிக்காது. கொஞ்சம் காயவிட்டால்தான் பூக்கும். பத்து மணிப்பூ, நித்தியகல்யாணி இரண்டும் வெயிலுக்கு அஞ்சாது. பாதி நாள் வெயில் இருந்தால் குண்டுமல்லி, செம்பருத்தி, துளசி வைக்கலாம். செம்பருத்தியை வங்காளத்தில் ‘ஜபா’ என்பார்கள். காளி பூசைக்கு அந்தப் பூ வேண்டும். அதனால் அங்கே வீட்டுக்கு வீடு இருக்கும். வெயிலே வராத வாசலுக்குக் குரோட்டனும் மணி பிளாண்டும் போதும். அரளி அழகான செடிதான். ஆனால் இலை, பூ, காய், பட்டை எல்லாம் விஷம். கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் குழந்தை உள்ள வீட்டில் அரளித் தொட்டி வைக்காதீர்கள்.

சாமந்தியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சாமந்தி இரவின் நீளத்தைக் கணக்குப் பார்க்கும் செடி. ஐப்பசியில் பகல் குறையும், இரவு நீளும். இரவு நீண்டதும் சாமந்தி மொட்டு விடும். சரி, தெரு விளக்கின் கீழே தொட்டி இருந்தால்? விளக்கு விடிய விடிய எரிகிறது. செடிக்கு இன்னும் இரவு வரவில்லை. அது மொட்டு விடாமல் இலையாகவே வளரும். “உரம் போட்டேன், மருந்து அடித்தேன், பூக்கவில்லை” என்று வருந்துவார்கள். தொட்டியை இருட்டான பக்கம் நகர்த்தி வைத்தால் போதும். பூ வியாபாரத்துக்கு வளர்ப்பவர்கள் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். வேண்டுமென்றே இரவில் விளக்குப் போட்டுப் பூவைத் தள்ளிப் போடுகிறார்கள்.

சாமந்தி பூத்து முடிந்ததும் செடியைப் பிடுங்கி எறியாதீர்கள். காய்ந்த தண்டை வெட்டிவிடுங்கள். அடியில் பக்கக் கன்றுகள் வரும். அவற்றை வெயில் காலத்தில் நிழலில் காப்பாற்றுங்கள். ஆடி, ஆவணி மழையில் நுனியைக் கிள்ளி மணலில் நட்டால் வேர் விடும். ஒரு செடி பத்துச் செடியாகும். அடுத்த ஆண்டு காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

டேலியாவுக்குக் கிழங்கு உண்டு. இலை காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, காய்ந்த மணலில் வைத்துக் காக்கலாம். கிழங்கை மட்டும் வைத்தால் போதாது. பழைய தண்டின் அடிப்பகுதியும் ஒட்டி இருக்க வேண்டும். முளை அங்கிருந்துதான் வரும்.

உரத்துக்கு வங்காளத்தில் கடுகுப் புண்ணாக்கு. அங்கே சமையலுக்குக் கடுகு எண்ணெய். அதனால் கடுகுப் புண்ணாக்கு எங்கும் கிடைக்கும். நம் ஊரில் கடலைப் புண்ணாக்கு. ஒரு கைப்பிடிப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் நான்கு ஐந்து நாள் ஊறவிடுங்கள். நாற்றம் வரும். பக்கத்து வீட்டார் திட்டுவார்கள். மூடி வையுங்கள். பிறகு பத்து மடங்கு தண்ணீர் சேருங்கள். டீத்தண்ணீர் நிறம் வர வேண்டும். ஈரமான மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை போதும்.

தண்ணீர் எப்போது ஊற்றுவது? கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மண்ணைப் பாருங்கள். விரலை இரண்டு கணு அளவு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் பட்டால் இன்று வேண்டாம். மண் தொட்டியை விரல் மடக்கித் தட்டியும் பார்க்கலாம். காய்ந்த தொட்டி ‘டங்’ என்று ஒலிக்கும். ஈரத் தொட்டி ‘தொப்’ என்று சத்தம் போடும். சந்தையில் பானை வாங்கத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

இப்போது தட்டுக்கு வருவோம்.

தொட்டியிலிருந்து வடியும் தண்ணீர் தரையைக் கறையாக்கும். அதற்காக அடியில் தட்டு வைக்கிறார்கள். தட்டில் தண்ணீர் நிற்கும். தெளிந்த தண்ணீர். சாக்கடைத் தண்ணீர் இல்லை. ‘ஏடிஸ்’ என்ற கொசுவுக்கு அதுதான் வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது அந்தக் கொசு. அதன் உடம்பிலும் காலிலும் வெள்ளைக் கோடுகள் இருக்கும். அது பகலில் கடிக்கும்.

கொல்கத்தாவுக்கும் டெங்குவுக்கும் பழைய கணக்கு உண்டு. இரத்தக் கசிவோடு வரும் கடுமையான டெங்கு இந்தியாவில் முதன்முதலாகப் பெரிய அளவில் பரவியது அந்த நகரத்தில்தான். ஆண்டு 1963. சால்ட் லேக்கில் வண்டல் கொட்டிக்கொண்டிருந்த காலம் அது. பிறகு 2012, 2022, 2023 ஆகிய ஆண்டுகளிலும் கொல்கத்தாவிலும் சுற்றுப்புறத்திலும் டெங்கு அதிகமாகப் பரவியது.

சால்ட் லேக்கில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டில் வயதான அம்மா ஒருவர். அவருக்கு 40 தொட்டிகள். பீங்கான் தட்டுகள்கூட வண்ணத்துக்கு வண்ணம் பொருத்தமாக வாங்கியவை. வீட்டு வேலைக்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் ஒரு பெண் வருகிறாள். அவள் அந்த அம்மாவை ‘மாசிமா’ என்று கூப்பிடுகிறாள். நம் ஊரில் பெரியம்மா என்பது போல. அந்தப் பெண் சமீபத்தில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றாள். ஒருநாள் நகராட்சி ஊழியர் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். அவள் திண்ணையில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள்.

“மாசிமா, தட்டில் புழு நெளிகிறது. இது கொசுப்புழு என்று இந்தத் தாளில் போட்டிருக்கிறது.”

“அது தண்ணீர்ப் புழு. எப்போதும் இருப்பதுதான். நீ ஊற்றிவிட்டுப் போ.”

அவள் ஊற்றிவிட்டுப் போனாள். பத்து நாள் கழித்து மாசிமாவுக்குக் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பெல்லாம் வலி. அதன் பின் அவளுக்கும் காய்ச்சல். ஏன் அவளுக்கு? பகலில் தொட்டிகளுக்கு நடுவே குனிந்து நிற்பவள் அவள்தான். கொசு முதலில் அவள் காலைத்தான் பார்க்கும். வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரிச் செலவு. அவளுக்கு அதோடு கூலியும் போயிற்று. தட்டு யாருடையது? காய்ச்சல் யாருக்கு வந்தது? அந்தக் கூலியை யார் தருவது? இது நினைத்துப் பார்த்த வீடுதான். ஆனாலும் இந்தக் கேள்வி வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த கேள்வி.

மாசிமா குணமாகி வந்ததும் தட்டைக் கவிழ்க்கச் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். கவிழ்த்தால் போதுமா? போதாது. ஏடிஸ் கொசு தண்ணீரின் மேல் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான ஓரத்தில் ஒட்டவைக்கும். கறுப்பாக, மிகச் சிறிதாக இருக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாது. தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை ஒட்டிக்கொண்டே இருக்கும். காய்ந்தாலும் சாகாது. பல மாதம் கழித்துத் தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் தேங்காய் நாரால் தட்டின் ஓரத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? வாரம் ஒருமுறை. கோடை, மழைக் காலத்தில் முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருநாள் தேய்த்தால் கொசு பறக்கும் முன்பே கதை முடிந்துவிடும். இன்னும் எளிய வழி, வெளியில் உள்ள தொட்டிக்குத் தட்டே வேண்டாம். மூன்று செங்கல் துண்டின் மேல் தொட்டியை உயர்த்தி வையுங்கள். தண்ணீர் ஓடிவிடும். தட்டு கட்டாயம் வேண்டுமென்றால் அதில் மணல் நிரப்புங்கள். மணல் ஈரத்தை வைத்துக்கொள்ளும். மேலே தண்ணீர் நிற்காது.

தட்டு மட்டும்தானா? மாடி மூலையில் கிடக்கும் காலித் தொட்டி, பாட்டிலில் வைத்த மணி பிளாண்டு, மூடாத வாளி, இளநீர்க் கூடு, டீ குடித்து எறிந்த மண் குவளை. எல்லாம் பாருங்கள். அல்லித் தொட்டி வைத்திருந்தால் நான்கு கப்பி மீன் விடுங்கள். அவை புழுவைத் தின்னும்.

சிலர் கொசுவுக்குப் பயந்து செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தட்டில் ஊற்றுகிறார்கள். வேண்டாம். மருந்து டப்பாவைக் கையில் எடுத்தால் முதலில் படியுங்கள். அதில் ஒரு வண்ணக் குறி இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. பிறகு நீலம். பச்சை குறைந்த விஷம். பச்சையும் விஷம்தான். வீட்டுச் செடிக்கு இவை பெரும்பாலும் தேவைப்படாது. மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மிஞ்சினால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து மாலையில் தெளியுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால்? கடையில் போய் ஏதோ ஒரு வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் டெங்குவில் இரத்தக் கசிவை அதிகமாக்கும். அரசு மருத்துவமனைக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். நிறையத் தண்ணீரும் கஞ்சியும் குடியுங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று வீட்டில் படுத்திருப்பதுதான் ஆபத்து.

கடைசியாக ஒன்று. துர்கா பூசை வரும்போது சால்ட் லேக்கில் பலர் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவார்கள். டெங்கு அதிகமாக இருக்கும் மாதங்களும் அவையே. நம் ஊரில் தீபாவளிக்குப் போவது போல. போகும்முன் தட்டுகளைத் தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள். தொட்டிகளை நிழலில் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். ஒன்றின் ஈரம் மற்றதற்கு உதவும். பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்தால் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். இப்படி எழுதலாம்:

அக்கா, வணக்கம்.
விரல் வைத்துப் பார்த்து, காய்ந்த தொட்டிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றவும்.
காகிதப்பூவுக்கு வேண்டாம்.
சாமந்தியை விளக்குப் பக்கம் நகர்த்த வேண்டாம்.
கவிழ்த்த தட்டை நிமிர்த்த வேண்டாம்.
வெள்ளிக்கிழமை வாளியைக் கொட்டித் தேய்க்கவும்.
பூத்த பூவை நீங்கள் பறித்துக்கொள்ளவும்.